வன்னியிலிருந்து ஊடக முதுமாணி: புலமைப்பரிசில் பற்றிய வாசகர் கேள்விகள்

ஊடகத்துறை முதுமாணிக்கு முழுச் செலவும் தரும் புலமைப்பரிசில்கள் எவை? (மாங்குளம்)

பிரித்தானியாவின் செவனிங் ஒரு வருட முதுமாணிக்குக் கட்டணம், மாதப் படி, விமானச் செலவு எல்லாம் தரும். 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்பார்கள். படித்த பிறகு இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடங்கள் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட். அதைக் கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழு கவனிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் இதழியல் முதுமாணி இரண்டு வருடம், தொடக்கம் டென்மார்க்கின் ஆர்ஹுஸில். புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ.

இந்தியாவை மறந்துவிடாதீர்கள். இலங்கை மாணவர்களின் முதுமாணிப் படிப்புக்கென்றே மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது. கட்டணத்தோடு மாதப் படியும் தங்குமிடப் படியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் துறை இருக்கிறது. லண்டனை மட்டும் பார்த்துக்கொண்டு இதைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே கவலை.

என்னுடையது மூன்று வருடப் பொதுப் பட்டம். அமெரிக்காவில் எடுப்பார்களா? (பரந்தன்)

பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டம் கேட்கும், சில மூன்றையும் ஏற்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கற்பித்தல் உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் வரும். ஆனால் அந்த இடங்கள் முதுமாணிக்காரர்களைவிடக் கலாநிதிப் பட்ட மாணவர்களுக்கே அதிகம் போகின்றன.

போரில் அப்பாவை இழந்தேன். விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்கக் கட்டுரையில் அதை எழுதலாமா? (புதுக்குடியிருப்பு)

எழுதலாம். நீங்கள் யார் என்பதில் அதுவும் ஒரு பகுதிதானே. ஆனால் மூன்று நான்கு வரிகளோடு நிறுத்துங்கள். தெரிவுக் குழு உங்கள் துயரத்தை மதிக்கும், ஆனால் அதற்குப் புள்ளி போடாது. நீங்கள் என்ன வேலை செய்திருக்கிறீர்கள், எந்தக் கேள்வியோடு வருகிறீர்கள், அதற்கு ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கேள்வி உங்கள் கையிலேயே இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அதைத் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகள் எப்படிச் சொன்னன? எது முதல் பக்கத்தில் வந்தது, யாருடைய குரல் மேற்கோளாக வந்தது, யாருடையது விடுபட்டது? போராட்டக் கொட்டகையில் இருந்த தாய்மாரோடு தமிழில் பேசக்கூடிய ஒருவர் இதை ஆராய்ந்தால் வரும் ஆழம் வேறு. லண்டனில் வளர்ந்த ஒருவர் அதைச் செய்வது கஷ்டம். வன்னியில் வளர்ந்ததை இப்படி ஒரு தகுதியாக வையுங்கள், பரிதாபமாக வைக்காதீர்கள். ‘சின்ன வயதிலிருந்தே ஊடகத்தில் ஆர்வம்’ என்று தொடங்கும் பந்தியை அப்படியே வெட்டிவிடுங்கள். பிராந்தியப் பத்திரிகைக்கு எழுதிய செய்தி, சங்கத்துக்காக எடுத்த காணொளி எதுவானாலும் திகதியோடு சேர்த்து வையுங்கள்.

வயது 38, ஒரு பிள்ளை இருக்கிறாள். பிந்திவிட்டேனா? (வவுனியா)

இல்லை. செவனிங்குக்கு வயதெல்லை கிடையாது. ஆனால் பிள்ளையின் செலவை அவர்கள் தரமாட்டார்கள், அதை இப்போதே கணக்கில் எடுங்கள்.

2009 இடப்பெயர்வில் சான்றிதழ்கள் எல்லாம் போய்விட்டன. என்ன செய்வது? (ஆனந்தபுரம்)

இந்த வேலையை முதலில் தொடங்குங்கள், இதற்குத்தான் காலம் எடுக்கும். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் திரும்பப் பெறலாம், சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் தெரிந்தால் சுலபம். பட்டப் பெறுபேற்று அறிக்கையைப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் கேளுங்கள். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே ஆங்கில எழுத்தில் இருக்கிறதா என்று கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையை இப்போதே எழுதட்டா? (மல்லாவி)

பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். செவனிங் விண்ணப்பத்துக்கு அது தேவையில்லை, பல்கலைக்கழகத்துக்குத்தான் தேவை. இதழியல் படிப்புகள் பல 7 அல்லது அதற்கு மேல் கேட்கின்றன. அதனால் எழுத்துப் பகுதிக்கு ஆறு மாதம் நன்றாகப் பயிற்சி எடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.