தாத்தா பிரெஞ்சுக் குடிமகன். பேரனுக்கு அந்த உரிமை வருமா?

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர், முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் பாகூர். தாத்தா வியட்நாமின் சைகோனில் கணக்கு எழுதும் வேலையில் இருந்துவிட்டு 1957-இல் ஊர் திரும்பினார், 1981-இல் காலமானார். அப்பா 1951-இல் பாகூரிலேயே பிறந்தவர். எங்கள் எல்லோரிடமும் இந்தியப் பாஸ்போர்ட்தான். "1962 வரை உங்கள் தாத்தா பிரெஞ்சுக்காரர், உங்களுக்கு நாஷ்யோனாலிதே (பிரெஞ்சுக் குடியுரிமை) வாங்கித் தருகிறேன்" என்று ஓர் ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார். பாதியை முன்பணமாகக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏஜென்ட் சொன்னதில் முதல் பாதி உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இரண்டாவது பாதியை விற்கிறார்.

உங்கள் குழப்பமே தேதியில்தான் இருக்கிறது. சுதந்திரம் என்றால் நமக்கு 1947 நினைவுக்கு வரும். புதுச்சேரிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிரெஞ்சு ஆட்சி மீதான கோபம் இங்கே தனிப் பாதையில் வளர்ந்தது. ஆலைத் தொழிலாளிகள் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு 8 மணி நேர வேலை சட்டமானது. ஆனால் அந்தக் காயம் ஆறவில்லை. 1948-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துவதாக இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன. புதுச்சேரியில் அது நடக்கவே இல்லை. 1954 வந்தபோது சுற்றிலும் இந்தியச் சுங்கச் சாவடி, உள்ளே அடிதடி. அதுவரை பிரான்சின் பக்கம் நின்ற புதுச்சேரி அரசியல் தலைவர் எதுவார் குபேரே இந்தியாவோடு சேர வேண்டும் என்று கட்சி மாறினார். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது.

கவனியுங்கள், கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். 1956-இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் கொடுக்க 1962 ஆகிவிட்டது. ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி கைமாறியது. 1963 ஜூலையில் சட்டமன்றம், புதிய அரசு, முதல் முதலமைச்சராக அதே குபேர். 1954-க்கும் 1962-க்கும் இடைப்பட்ட எட்டு வருடமும் உங்கள் தாத்தா சட்டப்படி பிரெஞ்சுக் குடிமகன்தான், 1957-இல் ஊர் திரும்பியபின் இந்திய நிர்வாகத்தில் வாழ்ந்தாலும். ஏஜென்ட் பிடித்துக்கொண்டிருப்பது இந்த எட்டு வருடத்தை.

அவர் சொல்லாமல் விடுவது ஒப்பந்தத்தின் ஷரத்துகளை. பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று அங்கேயே குடியிருந்தவர் இந்தியக் குடிமகனாகிவிட்டார். வேண்டாம், பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்றால் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். புதுச்சேரியில் 'ஒப்சியோன்' என்பார்கள். ஏறக்குறைய 5,000 பேர்தான் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். பலருக்குச் செய்தியே எட்டவில்லை. வயலில் நின்றவருக்கு இரண்டு அரசுகளின் ஒப்பந்தத்தை யார் படித்துச் சொல்லியிருப்பார்கள்? ஒரு மனிதனின் நாட்டை ஆறே மாதத்தில் முடிவு செய்யச் சொன்னதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் சட்டம் அதுதான். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை என்றால், அப்போது 11 வயதுப் பையனான உங்கள் அப்பாவும் அவரோடு இந்தியராகிவிட்டார். சைகோனில் வேலை பார்த்தது உதவாது. அந்தத் தேதியில் அங்கே குடியிருந்திருந்தால் கதை வேறு.

ஒரே ஒரு விதிவிலக்கு மட்டும் உங்கள் வீட்டில் விசாரிக்க வேண்டியது: தாத்தா பிறந்த ஊர் எது? ஒப்பந்தம் பேசுவது பிரெஞ்சுப் பகுதியில் 'பிறந்தவர்களை'ப் பற்றி. நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பாகூர்க்காரருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பிறந்த வீடு நெல்லிக்குப்பத்திலோ பண்ருட்டியிலோ இருந்திருக்கலாம். அது அன்றைக்கு பிரிட்டிஷ்காரன் ஆண்ட சீமை, பிரெஞ்சு எல்லைக்கு வெளியே. நம் கொம்யூன்கள் (பிரெஞ்சு நிர்வாக வட்டாரங்கள்) ஒன்றோடொன்று ஒட்டாமல் திட்டுத் திட்டாகக் கிடந்தவை. மாட்டுவண்டியில் கொஞ்ச தூரம் போனாலே எல்லை மாறிவிடும். அப்படி வெளியே பிறந்த குழந்தையின் தகப்பன் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் குழந்தையும் பிரெஞ்சுதான். ஆனால் பிறந்த இடம் வெளியே இருப்பதால் அந்த ஒப்பந்தம் அவரைத் தொடவில்லை. ஒப்சியோன் எழுதிக் கொடுக்காமலே அவர் பிரெஞ்சுக்காரராக நீடித்தார். பிரசவத்துக்குப் போன ஊர் ஒரு பரம்பரையின் குடியுரிமையையே மாற்றியிருக்கிறது.

இதைப் படித்ததும் துள்ள வேண்டாம். பிரெஞ்சுச் சட்டத்தில் 50 வருடக் கெடு ஒன்று உண்டு. குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே இருந்து, நீங்களும் உங்கள் அப்பாவும் பிரெஞ்சுக்காரராக வாழ்ந்ததற்கு அடையாளமே இல்லை என்றால், வம்சாவளியை நிரூபிக்கவே அனுமதி கிடையாது. அடையாளம் என்றால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், கான்சலேட் பதிவு, வாக்காளர் அட்டை மாதிரி. புதுச்சேரிக்கு அந்தக் கெடு 2012 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் அடையாளமும் இல்லை.

இப்போது ஏஜென்ட் விஷயம். இவர்கள் வேலையே தாளில்தான். புதிதாக ஒரு பிறப்புச் சான்று, எப்போதோ நடந்த கல்யாணத்துக்கு இப்போது ஒரு பதிவு, பெயரில் ஓர் எழுத்துத் திருத்தம். பிரெஞ்சு ஏட்டில் முத்துசாமிக்கு இரண்டு எஸ் இருக்கும், இந்தியச் சான்றில் ஒன்றுதான் இருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஆரம்பித்து ஏட்டையே மாற்றப் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நகலை நம்ப மாட்டார்கள், மூல ஏட்டோடு ஒப்பிடுவார்கள். பொய் பிடிபட்டால் மாட்டுவது கையெழுத்துப் போட்ட நீங்கள். மூல ஆவணங்களை ஏஜென்ட் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கத் தனியாகப் பணம் கட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். "பக்கத்து வீட்டுக்காரருக்கு வாங்கித் தந்தேன்" என்றால், அவருடைய அப்பா ஒப்சியோன் எழுதியவரா என்று கேளுங்கள். பிரெஞ்சுப் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்த்துத் தருகிறேன் என்று பேச்சு திரும்பினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

குடியுரிமைச் சான்றுக்கு ஏஜென்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பலாம். பதில் வரத்தான் வருடக்கணக்கில் ஆகும். இல்லை என்று ஒரு வரி சொல்ல இவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதால்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

ஆகவே முதலில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1962, 63 தேதியிட்ட பிரெஞ்சுத் தாள் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒப்சியோனாக இருக்கலாம். அப்பா எப்போதாவது கான்சலேட்டில் பதிந்தாரா என்று கேளுங்கள். அப்புறம், உங்கள் அத்தை இருக்கிறார் என்றால், தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டு ஊர்ப் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.