பார்பரி சந்தின் வீட்டுக்காரம்மா – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எனக்கு 26 வயது. சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. பெங்களூருவில் மென்பொருள் வேலை. நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்ததால் ஆர்மிஸ்டெட் மாப்பின் எழுதிய ‘டேல்ஸ் ஆஃப் த சிட்டி’ நாவலை வாங்கி வாசித்தேன். பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் முடித்ததும் ஒரு வெறுமை. எழுபதுகளின் சான் பிரான்சிஸ்கோ என்றால் எவ்வளவு பெரிய விடுதலைக் காலம்! தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி அரசியலுக்கு வந்த ஹார்வி மில்க் கொல்லப்பட்ட ஊர். இந்த நாவலில் அதெல்லாம் எங்கே? இவர்கள் காதலிக்கிறார்கள், பிரிகிறார்கள், சூப்பர் மார்க்கெட்டில் ஆள் தேடுகிறார்கள். இதைத் தன்னைக் கண்டடைவது என்று சொல்ல முடியுமா? ஒரு காலத்தின் விடுதலையைச் சிரிப்பு நாவலால் சொல்லிவிட முடியுமா?

இந்த வரிசையில் அடுத்து எதை வாசிக்கலாம்? தொலைக்காட்சித் தொடராகவும் வந்திருக்கிறதாமே, பார்க்கலாமா? எங்கள் பிஜியில் இரவு 10 மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதனால் வாசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

விடுதலை, வெறுமை, கண்டடைவது என்று பெரிய பெரிய வார்த்தைகளாக எழுதிவிட்டு, இரவு 10 மணிக்கு கேட்டைப் பூட்டுகிறார்கள் என்பதைக் கடைசியில் ஒரு வரியில், ஏதோ வசதியைப் போலச் சொல்லி முடித்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். 26 வயது, சொந்தச் சம்பளம், மாதாமாதம் வாடகை. அப்படியும் ஒருவர் உங்களை உள்ளே வைத்துப் பூட்டுகிறார். அந்தப் பூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நாவலின் நாயகி மேரி ஆன் சிங்கிள்டனிடம் அரசியல் போதவில்லை என்கிறீர்கள்.

முதலில் மில்க் விஷயத்தை முடித்துவிடுகிறேன். இந்தக் கதை ‘சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள்’ நாளிதழில் தொடராக வர ஆரம்பித்தது 1976-ல். மில்க் நகரசபைக்குத் தேர்வானது 1977 நவம்பரில். அவரும் மேயர் ஜார்ஜ் மோஸ்கோனியும் கொல்லப்பட்டது 1978 நவம்பர் 27-ல். தொடர் வந்து முடிந்தபின் நடந்த கொலை அதற்குள் எப்படி வரும்? வருடத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

சரி, மேரி ஆன் என்ன செய்கிறாள்? கிளீவ்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தவள், பியூனா விஸ்டா மதுக்கடையில் ஐரிஷ் காபி குடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு, இனி வீட்டுக்கு வரப்போவதில்லை என்கிறாள். அந்தப் போனைப் போடுவது எத்தனை கஷ்டம் என்று உடுமலைப்பேட்டையிலிருந்து கிளம்பி வந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பெண் என்பதற்காகவோ மணமாகாதவள் என்பதற்காகவோ ஒருத்திக்குக் கடன் மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1974-ல்தான். இரண்டு ஆண்கள் மனமொத்துச் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று கலிபோர்னியாவில் ஆனது 1976 ஜனவரி 1 முதல். மேரி ஆன் குடியிருக்கும் அதே வீட்டில் இருக்கும் மைக்கேல் ஆண்களைக் காதலித்து ஏமாறுகிறானே, நீங்கள் வம்புக் கதை என்று ஒதுக்குகிற அந்த விஷயம், தொடர் ஆரம்பிப்பதற்குச் சில மாதங்கள் முன்புவரை சட்டப்படி குற்றம். பத்திரிகை அலுவலகத்தில் பாத்திரங்களை இரண்டு பத்தியாகப் பிரித்து அட்டவணை வைத்திருந்தார்கள் என்று மாப்பின் சொல்லியிருக்கிறார். தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் மற்றவர்களை மிஞ்சிவிடக் கூடாதாம். ஆசிரியர் குழுவுக்குத் தெரிந்த அரசியல் உங்களுக்குத் தெரியவில்லை.

சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிடுவோம். நாவலில் வரும் மெரினா சேஃப்வே உண்மையிலேயே ஆள் தேடுவதற்குப் பேர்போன கடை.

நான் பேச விரும்புவது அன்னா மாட்ரிகலைப் பற்றி. பார்பரி சந்து 28-ஆம் எண் வீட்டின் சொந்தக்காரி. உங்கள் கடிதத்தில் அவள் பெயரே இல்லை. வீடு பார்க்க வந்த மேரி ஆன், பிராணிகள் வளர்த்தால் ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறாள். எனக்கு எதற்குமே ஆட்சேபணை இல்லை என்கிறாள் அன்னா. புதிதாகக் குடிவருகிறவரின் கதவில் தன் தோட்டத்துக் கஞ்சாவைச் சுருட்டி ஒட்டி நல்வரவு சொல்கிறாள். வாசித்த எல்லோரும் அந்தக் கஞ்சாவைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த முதல் பதில்தான் நாவலின் அஸ்திவாரம். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு ஊரை எடைபோடுவேன். பேச்சுமேடையில் எந்த ஊரும் சுதந்திரமான ஊர்தான்.

நான் சென்னைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தேன். அப்புறம் நானும் ஒரு நண்பனும் சேர்ந்து வீடு தேடினோம். ஒரு வீட்டில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். ஓனர் சொந்த ஊர் எது, அப்பாவுக்கு என்ன உத்தியோகம், வீட்டில் கறி மீன் எடுப்பதுண்டா என்று சுற்றிச் சுற்றி வந்து என் ஜாதியைக் கண்டுபிடித்து நிம்மதியானார். அட்வான்ஸை வாங்கி எண்ண ஆரம்பித்தவர், பேச்சுவாக்கில் நண்பனிடம் “தம்பி பேரு?” என்றார். முஸ்லிம் பெயர். எண்ணிக்கொண்டிருந்த விரல் நின்றது. “பையன் ஊர்லேருந்து வர்றேங்கிறான், கலந்துக்கிட்டுச் சொல்றேன்” என்று பணத்தை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார். அந்தக் காபி டம்ளர்களை நாங்கள் பாதியில் வைத்துவிட்டு எழுந்தோம்.

கடைசியில் ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு அம்மாவின் மொட்டைமாடி அறை கிடைத்தது. வாடகை 5-ஆம் தேதிக்குள் வந்துவிடுமா, மோட்டார் போட்டால் மறக்காமல் நிறுத்துவீர்களா, இவ்வளவுதான் அவர் கேட்டது. எங்கள்மீது அவருக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. ஒரு தீபாவளிக்குக்கூட முறுக்கு தந்ததில்லை. தொட்டி வழிந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். ஆனால் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், அந்தப் பெண் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் எழுத ஆரம்பித்தது அந்த அறையில். என் நண்பன் தொழுததும், தொழுவதை விட்டதும், சில வருடங்கள் கழித்துத் திரும்பத் தொழ ஆரம்பித்ததும் அந்த அறையில். எங்களை எங்கள் பாட்டுக்கு விட்டதற்காக அந்த அம்மாவுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

நாவலில் சிரிப்பு வருவதும் இதனால்தான். பகலில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டாத ஆட்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கிறார்கள். ஒருத்தர் சொன்ன பொய் இன்னொருத்தர் சமையலறையில் உடைகிறது. உடைந்தாலும் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. மாட்டிக்கொண்டால் தெருவில் நிற்க வேண்டும் என்ற பயம் இருந்தால் அதே சம்பவங்கள் அழுகைக் கதையாகியிருக்கும்.

நாவலின் ரகசியம் ஒன்றைச் சொல்லப்போகிறேன். இனிமேல்தான் வாசிக்கப்போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அன்னா மாட்ரிகல் ஒரு திருநங்கை. இரண்டாம் நூலில் தெரியவரும். அன்றைய சான் பிரான்சிஸ்கோவில் திருநங்கைகள் எங்கே இருந்தார்கள்? டெண்டர்லாயின் பகுதியின் மலிவு விடுதி அறைகளில். வேறு யாரும் அவர்களுக்கு இடம் தரவில்லை. 1966-ல் அங்கே காம்ப்டன்ஸ் காஃபிடீரியாவில் போலீஸ் கைவைத்தபோது அவர்கள் திருப்பி அடித்தார்கள். மாப்பின் செய்ததைப் பாருங்கள். எந்த வாசலிலும் நிற்கவிடாமல் விரட்டப்படுகிறவளையே வீட்டின் சொந்தக்காரியாக்கிச் சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு இது இப்போது இன்னும் உறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு திருநங்கைக்காகச் சென்னைப் புறநகரில் வீடு பார்த்தோம். நிரந்தர வேலையில் இருப்பவர். போனில் சரி என்ற ஓனர் நேரில் அவரைப் பார்த்ததும், இப்போதுதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்றார். டு-லெட் போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. 2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. நீங்கள் கடிதம் அனுப்பியபோது நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாவலில் அரசியல் குறைகிறது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. பார்பரி சந்து கற்பனை. ரஷ்யன் ஹில்லில், டெய்லர் தெருவிலிருந்து மரப்படி ஏறிப்போகும் மெக்கான்ட்ரே சந்துதான் அதற்கு மாதிரி. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் கியர்னி தெருவில் இன்டர்நேஷனல் ஹோட்டல் இருந்தது. பிலிப்பினோ, சீன முதியவர்கள் மலிவு வாடகையில் குடியிருந்த கட்டடம். அவர்களைக் காலி செய்யச் சொன்ன உத்தரவை நிறைவேற்ற மறுத்ததற்காக ஷெரிஃப் ரிச்சர்ட் ஹாங்கிஸ்டோ ஐந்து நாள் சிறையில் இருந்தார். 1977 ஆகஸ்ட் 4 விடிவதற்குள், கைகோத்து மறித்து நின்ற ஆயிரக்கணக்கானவர்களைப் போலீஸ் விலக்கியது. அதே ஹாங்கிஸ்டோ சம்மட்டியால் கதவை உடைத்தார். கிழவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கட்டடத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த ஊரில் வந்தது 1979-ல். இளைஞர்களுக்கு அன்னா கிடைத்த ஊரில் அந்த முதியவர்களுக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை. நீங்கள் இதைக் கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த கேட்டை யார் பூட்டுகிறார்கள், பத்து நிமிடம் தாமதமாக வந்தவளிடம் என்ன பேசுகிறார்கள், உங்கள் தெருவில் ஆண்கள் பிஜிக்கும் இதே பூட்டு உண்டா என்று விசாரியுங்கள். பாதுகாப்புக்காக என்பார்கள். பாதுகாப்பு என்றால் சாவி உள்ளே இருக்கிறவளிடமும் ஒன்று இருக்க வேண்டும். தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்? அதைக் கேட்டு முடித்த பிறகு எழுபதுகளின் விடுதலையைப் பற்றிச் சாவகாசமாகப் பேசலாம்.

தொடரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1993-ல் வந்ததிலும் 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்ததிலும் அன்னாவாக நடித்தவர் ஒலிம்பியா டுகாகிஸ். பழையதைப் பாருங்கள், நூல்களுக்குப் பிறகு.

இரண்டாம் நூலில் மைக்கேல் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதம் வரும். 1977-ல் புளோரிடாவில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கு எதிராக அனிட்டா பிரையன்ட் நடத்திய பிரச்சாரத்தில் தானும் சேர்ந்துவிட்டதாக அம்மா எழுத, மகன் தான் யார் என்பதைச் சொல்லிப் பதில் போடுகிறான். அதைத் தனியாக இருக்கும்போது வாசியுங்கள். மூன்றாவதையும் முடித்துவிட்டு நான்காவதான ‘பேபிகேக்ஸ்’ நூலுக்கு வாருங்கள். 1984-ல் வெளியானது, எய்ட்ஸைப் பற்றிப் பேசிய முதல் புனைவுகளில் ஒன்று. மூன்று நூல்களாகச் சிரித்துப் பழகிய, மைக்கேலின் காதலனான டாக்டர் ஜான் ஃபீல்டிங் அது தொடங்கும்போதே இறந்துபோயிருக்கிறான். சாவுப் படுக்கை கிடையாது, வசனம் கிடையாது, ஆள் இல்லை. சிரிப்பு நாவலால் முடியுமா என்று கேட்டீர்களே, அதற்கான பதில் அங்கே இருக்கிறது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதல் மூன்றையும் விட்டுவிட்டு நேராக அங்கே போனால் ஜான் உங்களுக்கு யாரோ ஒருவன்.

அன்புடன்.