அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை பரவியதில் வானொலிக்கு அப்படி என்ன பங்கு?

பெரிய பங்குதான். 1941 நவம்பரில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஹெலினா என்ற சின்ன ஊரில் 'கிங் பிஸ்கட் டைம்' என்ற வானொலி நிகழ்ச்சி தொடங்கியது. வார நாட்களில், பருத்திக் காட்டில் வேலை செய்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரமாகப் பார்த்து, கால் மணி நேரம் நேரடியாக வாசிப்பார்கள்: ஹார்மோனிகாவில் சன்னி பாய் வில்லியம்சன், கிடாரில் ராபர்ட் லாக்வுட் ஜூனியர். பணம் போட்டது ஒரு மாவுக் கம்பெனி. விற்பனை எப்படி ஏறியது என்றால், அப்புறம் சோளமாவுப் பையிலேயே சன்னி பாய் பெயரையும் படத்தையும் போட்டுவிட்டார்கள்!

வேடிக்கை என்னவென்றால், அது அவருடைய சொந்தப் பெயரே இல்லை. சிகாகோவில் ஏற்கெனவே புகழோடு இருந்த இன்னொரு கலைஞரின் பெயர். பின்னாளில் ப்ளூஸ் கிடாரில் பெரும் புகழ் பெற்ற பி.பி. கிங்கும், தோட்டத்தில் வேலை பார்த்த இளைஞனாக இருந்தபோது, இந்த நிகழ்ச்சியின் நேயர்தான்.

வானொலியில் பத்து வருடம் புகழோடு இருந்தபின், 1951-ல்தான் சன்னி பாயின் முதல் இசைத்தட்டுகள் வந்தன. சரி, எதைக் கேட்பது? 1955-ல் சிகாகோவில் பதிவான அவருடைய 'டோன்ட் ஸ்டார்ட் மீ டாக்கின்' பாட்டு போதும், அதில் கிடார் வாசித்தவர்களில் இன்னொரு பெரிய ப்ளூஸ் கலைஞரான மடி வாட்டர்ஸும் உண்டு.