அம்மாவின் டயாலிசிஸ் கைக்கு பலூன் வைக்கிறார்கள். இது ஆபரேஷனா? ஷீத், ஒயர், பிரெஞ்ச் என்கிறார்களே, என்ன அது?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) ஓட்டம் குறைந்துவிட்டது, ஐ.ஆர். அறைக்கு (எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாயைச் சரிசெய்யும் இடம், ஆஞ்சியோ அறை என்றும் சொல்வோம்) எழுதிக் கொடுத்துவிட்டார்கள், டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை என்று. நான் பினாங்குத் தீவில் ஓர் ஆஞ்சியோ அறையில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். "மிஸ்ஸி, கையை வெட்டப் போறாங்களா?" என்று வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்ளும் அம்மாக்களை வாராவாரம் பார்க்கிறேன்.

வெட்ட மாட்டார்கள். மயக்கம் கொடுப்பதும் பெரும்பாலும் இல்லை. மரத்துப்போக ஓர் ஊசி, அதன் பிறகு ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான்.

இந்த வழியைக் காட்டியவர் செல்டிங்கர் என்ற சுவீடன் நாட்டு டாக்டர், 1953இல். அதற்கு முன், ரத்தக்குழாய்க்குள் அனுப்பும் மெல்லிய குழாயை ஊசிக்குள்ளேயே விட வேண்டியிருந்தது. குழாயைவிட ஊசி பெருத்திருக்கும். அவர் ஊசி வழியாக மெல்லிய கம்பியை விட்டார், ஊசியை உருவினார், கம்பியின் மேலேயே குழாயைச் செருகினார். இன்றைக்கும் எங்கள் வேலை முழுக்க இதுதான். அந்தக் கம்பிதான் கைடுவயர். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, கம்பியை விடாதே. ஒரு குழாயை எடுத்து இன்னொன்றை மாற்றும்போது டாக்டர் பின்னால் இழுக்க இழுக்க, கம்பியை நாங்கள் அதே அளவு முன்னால் தள்ளிக்கொடுத்து, அதன் நுனி இருந்த இடத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். சுருங்கிய இடத்தைத் தாண்டி நிற்கும் கம்பி நழுவிவிட்டால், திரும்ப அதைத் தாண்டுவது சில சமயம் நடக்கவே நடக்காது.

ஷீத் என்பது தோலில் வைக்கும் வாசல். உள்ளே ஒரு வால்வு இருப்பதால் ரத்தம் வெளியே வராது. கம்பியும் பலூனும் அது வழியாகத்தான் போய்வரும். பிரெஞ்ச் என்பது அளவு. மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர். 6 பிரெஞ்ச் என்றால் 2 மி.மீ., ஓர் அரிசியின் தடிமன். ஷீத்துக்கு அது உள் அளவு, அதனால் ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கம்பிக்கு இஞ்ச் கணக்கு, 0.035 என்றால் ஒரு மி.மீ.கூட இல்லை. ஊசிக்கு கேஜ், அதில் எண் ஏற ஏற ஊசி மெல்லியது. ஒரே மேசையில் இத்தனை கணக்கு இருந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

அப்புறம் பலூன், சுருங்கிய இடத்தை உள்ளிருந்து விரிக்க. திரையில் பார்த்தால், விரியும்போது சுருங்கிய இடத்தில் இடுப்பு விழுந்து அப்படியே நிலக்கடலை மாதிரி இருக்கும். அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஃபிஸ்டுலாவில் சில சமயம் 20 அட்மாஸ்ஃபியர்கூடப் போகும், கார் டயரில் இருப்பதைப்போல எட்டு ஒன்பது மடங்கு. திடீரென்று இடுப்பு மறைந்து கடலை உருளையாகிவிடும். அந்த ஒரு நிமிடம் வலிக்கும். வலிக்காது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. "அம்மா, இப்போ வலிக்கும், என் விரலைப் பிடிச்சுக்குங்க" என்றுதான் சொல்வேன். அதை முன்கூட்டியே உங்கள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். தெரியாமல் வரும் வலிக்குத்தான் அவர்கள் மிரள்கிறார்கள்.

பலூன் வருவதற்கு முன்பே, 1964இல் அமெரிக்காவில் டாட்டர் என்ற டாக்டர், காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்காத 82 வயது அம்மாவின் தொடை ரத்தக்குழாயைக் கம்பியும் குழாயும் வைத்தே விரித்தார். கால் பிழைத்தது. தண்ணீர்மலை முருகன் கோயில் படியை இனி ஏற முடியாதா என்று கலங்கும் இனிப்புநீர்க்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன்.

சாப்பிடும் மருந்துகளை எல்லாம் பையோடு கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். முன்பு ஸ்கேன் மருந்து ஒத்துக்கொள்ளாமல் அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

சில மாதத்தில் திரும்பச் சுருங்கவும் கூடும், மறுபடி பலூன் வைக்க வேண்டிவரும். அது அம்மாவின் தவறில்லை. காலையும் இரவும் அந்தக் கையில் விரல் வைத்துப் பாருங்கள், உர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வந்துவிடுங்கள். கட்டிய ரத்தம் நாளாக நாளாக இறுகிவிடும், அப்புறம் எங்கள் கம்பி நுழைவது கஷ்டம்.