பணிப்பெண்ணின் போன் – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஒரு பிலிப்பீன்ஸ் பணிப்பெண் இருக்கிறார். ஊரில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பாட்டியிடம் வளர்கிறார்கள். நல்லவர். என் மகனை உயிராகப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் சமைக்கும்போதுகூட காதில் போன். எங்கள் சாப்பாடும் இன்னும் பிடிபடவில்லை, கருவாடும் சோறும்தான். பிள்ளைகளுக்காக இப்படித் தியாகம் செய்யும் தாயை நினைத்தால் கண் கலங்குகிறது. போனைக் குறைத்தால் மனம் இங்கே ஒட்டுமா?

எஸ்., சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்.,

சாப்பாட்டை விடுங்கள். நம் ஆட்கள் நாற்பது வருடம் வெளிநாட்டில் இருந்தாலும் ரசம் இல்லாமல் சோறு இறங்காது என்பார்கள். அவர் கருவாடு பொரித்தால் குடியா முழுகிவிடும்? ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசா பக்கம் போயிருக்கிறீர்களா? ஊருக்குப் பணம் அனுப்பவும் பெட்டி அனுப்பவும் வரும் பிலிப்பீன்ஸ் பணிப்பெண்களின் கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது. அங்கே ஒரு கடையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஒரு கையில் போன், மறு கையில் பள்ளிக்கூட ஷூ. திரையில் ஒரு பையன் ஸ்கேல் மேல் காலை வைத்துக் காட்டுகிறான். பாட்டி அவன் குதிகாலை அழுத்திப் பிடித்திருக்கிறார். அளவைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கினார். ஊருக்குச் சாமான் அனுப்பும் பாலிக்பாயான் பெட்டி கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்காகும், அதற்குள் கால் வளர்ந்துவிடும் அல்லவா. பற்பசை, சோப்பு, கார்ன்ட் பீஃப் டின் என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்புகிற பெட்டி அது.

உங்கள் பணிப்பெண் போனில் பார்ப்பதும் இந்த வேலையைத்தான். சமைக்கும் நேரத்தில் ஏன் என்று கேட்பீர்கள். மணிலாவுக்கும் சிங்கப்பூருக்கும் மணி வித்தியாசமே கிடையாது. உங்கள் மகன் பள்ளிவிட்டு வரும் நேரத்தில்தான் அவர் பிள்ளைகளும் வருவார்கள். உங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் கட்டிலில் உட்காரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். வேறு எப்போது பேசுவார்? கனடாவில் 1992-லிருந்து இவரைப் போன்றவர்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. முதலாளி வீட்டில் தங்கி இரண்டு வருடம் வேலை பார்த்தால் நிரந்தரமாகக் குடியேறலாம், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் இன்னும் பல வருடம் இழுத்தது, வந்திறங்கிய பிள்ளைகள் அம்மாவிடம் ஒட்டாமல் நின்றார்கள் என்பது வேறு கதை. சிங்கப்பூரில் பணிப்பெண்ணுக்கு அந்த வழிகூட இல்லை. இருப்பது போன் ஒன்றுதான். அதையும் குறைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அப்புறம் அந்தத் தியாகம். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. 1974-ல் பிலிப்பீன்ஸின் மார்க்கோஸ் அரசு தொழிலாளர் சட்டம் போட்டு ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை முறைப்படுத்தியது. 1988-ல் ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பெண்களிடம் பேசிய அதிபர் கொரசோன் அக்கினோ, நீங்கள்தான் நாட்டின் புதிய நாயகர்கள் என்றார். நாயகர்கள் 2024-ல் ஊருக்கு அனுப்பிய பணம் 3,400 கோடி டாலருக்கு மேல். இதில் அரசுக்கு ஒரு வசதி இருக்கிறது. தியாகி என்று பட்டம் கொடுத்துவிட்டால் அவர் தூங்கினாரா, பல்வலிக்கு டாக்டரைப் பார்த்தாரா என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. தியாகி லீவு கேட்கமாட்டார், கேட்டால் தியாகி இல்லை. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். கண் கலங்குகிறது என்று எழுதிய உங்கள் கடிதத்தில், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டா என்று ஒரு வரி இல்லையே!

சிங்கப்பூரில் 2013 முதல் வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது சட்டம். பணம் கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்கிக்கொள்ள ஒரு சந்து வைத்திருந்தார்கள். 2023-லிருந்து, மாதத்துக்கு ஒரு நாளையாவது ஓய்வாக விட்டே ஆகவேண்டும், அந்த ஒரு நாளை அப்படி வாங்க முடியாது. நீங்கள் மற்ற மூன்றையும் வாங்குகிறவரா? பதில் எனக்கு வேண்டாம்.

அவர் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பது நிஜம்தான், தெரிகிறது. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகத் திட்டியிருக்கமாட்டேன். தினமும் மாலை ஆறரையிலிருந்து ஏழுவரை அவருக்கு விட்டுவிடுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும். அந்த அரை மணி நேரம் உங்கள் மகனை நீங்களோ உங்கள் கணவரோ பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஊருக்கும் அனுப்பி வையுங்கள். அங்கே செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்துவிடும், டிக்கெட் விலையும் கூடவே ஏறும். இப்போதே எடுத்துவிடுங்கள்.