பிளஸ் டூவில் 96 வாங்கிய தம்பி அடுக்குக் கணக்கில் ஏன் தடுமாறுகிறார்?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தையும், தம்பி கணக்குப் போட்டுப் பார்த்த தாளின் படத்தையும் பொறுமையாகப் பார்த்தேன். பிளஸ் டூ கணக்கில் 96, பொறியியல் கடைசி ஆண்டு, வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பில் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கான மாதிரித் தேர்வின் கணக்குப் பகுதியில் 170க்கு 156. தவறிய கேள்விகளில் பாதி, அடுக்கு வரும் கணக்குகள். பயிற்சி மையத்தில் "பையனுக்கு அடிப்படையே இல்லை, முழு வகுப்பில் சேருங்கள், 45 ஆயிரம்" என்று சொன்னார்களாம். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள். காரணம் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

தாளின் நடுவில் ஒரு கணக்கு. தேர்வில் ஆங்கில எழுத்து இருக்கும். நான் தெரியாத எண்ணை 'க' என்று வைத்துக்கொள்கிறேன். ^ குறிக்கு அடுத்து வருவது அடுக்கு.

3^க + 3^க + 3^க = 81

தம்பி அடுத்த வரியில் 9^க = 81 என்று எழுதி, க = 2 என்று வட்டம் போட்டிருக்கிறார். விடைகளின் வரிசையிலும் 2 இருந்திருக்கிறது, அதனால் சந்தேகமே வரவில்லை. பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்துதான் அந்த 2ஐ அங்கே வைக்கிறார்கள். க இருக்கும் இடத்தில் 2ஐப் போட்டுப் பாருங்கள்: 9 + 9 + 9 = 27. 81 வரவில்லை. மூன்று 3^க சேர்ந்தால் 3 × 3^க, அதாவது 3^(க+1). 81 என்பது 3^4. ஆக க = 3. இப்போது 27 + 27 + 27 = 81, சரியாக உட்காருகிறது.

கீழே இன்னொன்று: 2^(க+3) − 2^க = 224. இதில் அடுக்கிலிருந்து அடுக்கைக் கழித்து 2^3 = 224 என்று எழுதியவர், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு அப்படியே விட்டுவிட்டார். எனக்கு அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. 8 எப்படி 224 ஆகும் என்று அவருக்கே உறுத்தியிருக்கிறது. அடுக்குகளைக் கூட்டுவதும் கழிப்பதும் பெருக்கலிலும் வகுத்தலிலும் மட்டும்தான். நடுவில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ வந்துவிட்டால் பொதுவாக இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். இங்கே 2^க × (8 − 1) = 224. ஏழால் வகுத்தால் 2^க = 32, க = 5. மேலே உள்ள தவறும் இதுவும் ஒரே இடத்தில் பிறந்தவை.

ஆனால் அதே தாளில் 8^(க+1) = 4^(2க−3) என்ற கணக்கை இரண்டே வரியில் முடித்திருக்கிறார். 8ஐயும் 4ஐயும் 2இன் அடுக்காக மாற்றி, 3க + 3 = 4க − 6, க = 9. அடிமானத்தை, அதாவது அடுக்கைத் தாங்கி நிற்கும் எண்ணை, ஒன்றாக்கினால் அடுக்குகளைச் சமன் செய்யலாம் என்பது அவருக்குக் கைவந்திருக்கிறது. அடுக்குச் சமன்பாடுகளில் பாதி வேலை அதுதான். அடிப்படை இல்லாத பிள்ளை இதைப் போட முடியாது, அம்மா.

மூன்றாவது சறுக்கல் வேறு வகை. இரண்டு அளவுகளைக் கொடுத்து எது பெரியது என்று கேட்கும் கேள்விகள் ஜி.ஆர்.இ.யில் உண்டு. "இதிலிருந்து சொல்ல முடியாது" என்பதும் அதில் ஒரு விடை. க^2 = 16 என்று கொடுத்து, 'க'வையும் 4ஐயும் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி சமம் என்று குறித்துவிட்டார். 'க' என்பது −4 ஆகவும் இருக்கலாமே. அப்போது 4தான் பெரியது, ஆகவே சொல்ல முடியாது என்பதே விடை. அடிமானத்தில் எழுத்து வந்தாலே கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். க^5 = க^3 என்று வந்தால் 5உம் 3உம் சமமில்லையே, விடையே கிடையாது என்று சில பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்கள். 0, 1, −1 மூன்றுமே பொருந்தும். இப்படிப்பட்ட கேள்வியில் 0, 1, −1, ½, 2, −2 என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

சரி, 96 வாங்கியவருக்கு இது ஏன் வருகிறது? நம் பொதுத்தேர்வில் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. முறையாக எழுதிக்கொண்டே போனால், கடைசியில் பிசகினாலும் ஏதோ கிடைக்கும். ஜி.ஆர்.இ.யில் நடுவில் என்ன எழுதினீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, விடை மட்டும்தான். நேரமும் குறைவு. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு கணக்குக்கு இரண்டு பிரிவுகள்: 12 கேள்விக்கு 21 நிமிடம், 15 கேள்விக்கு 26 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. முதல் பிரிவை எப்படிச் செய்தோம் என்பதை வைத்து இரண்டாம் பிரிவின் கடினம் மாறும். அதனால் தெரிந்த கணக்கை முதல் பிரிவில் தவற விடுவது இரட்டை நட்டம்.

திரையில் கால்குலேட்டர் தருகிறார்கள், அதை நம்பி இறங்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அதில் அடுக்குக்கு விசை இல்லை. 8 இலக்கத்தைத் தாண்டினால் பிழை என்று காட்டும். 2^30 பெரியதா, 3^20 பெரியதா என்று கேட்டால் இரண்டுமே 10 இலக்க எண்கள், கால்குலேட்டர் கைவிரித்துவிடும். ஆனால் 2^30 என்பது 8^10. 3^20 என்பது 9^10. அடிமானத்தை ஒன்றாக்க முடியாதபோது அடுக்கை ஒன்றாக்குவது. 9^10தான் பெரியது. பேனாவையே தொட வேண்டாம்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். பத்தாவதுதான் படித்தேன் என்று தயங்க வேண்டாம், இந்த வேலைக்கு நீங்கள்தான் சரியான ஆள். ஒரு அட்டையில் இந்த எண்களை எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள்: 2இன் அடுக்குகள் 1024 வரை, 3இன் அடுக்குகள் 729 வரை, 5இன் அடுக்குகள் 3125 வரை, 7இன் அடுக்குகள் 2401 வரை. தம்பி சாப்பிட உட்காரும்போது ஏதாவது ஒரு எண்ணைக் கேளுங்கள், தலைகீழாக. "3இன் ஆறாம் அடுக்கு எவ்வளவு" என்று கேட்காமல், "729 என்றால் என்ன" என்று கேளுங்கள். "3இன் ஆறாம் அடுக்கு, 9இன் மூன்றாம் அடுக்கு, 27இன் வர்க்கம்" என்று மூன்றும் அவர் வாயில் வர வேண்டும். 64 என்றால் 2, 4, 8 மூன்றின் அடுக்காகவும் சொல்ல வேண்டும். தேர்வறையில் 243ஐயோ 625ஐயோ பார்த்ததும் உள்ளே இருக்கும் 3உம் 5உம் கண்ணில் பட்டால் கணக்கு பாதி முடிந்த மாதிரி. பத்து நிமிடம் போதும், தினமும் கேட்பதுதான் முக்கியம்.

தம்பிக்கு மூன்று வாரம் கொடுங்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து கணக்கு போதும், ஆனால் தவறிய ஒவ்வொரு கணக்கையும் தனி நோட்டில், தவறிய வரியோடு எழுத வேண்டும். கிடைத்த விடையை மூலக் கணக்கில் போட்டுச் சரிபார்க்க 10 வினாடி ஆகும். அந்த 81 கணக்கில் அதைச் செய்திருந்தால் தப்பித்திருப்பார். தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அதில் ஒன்றை மூன்றாம் வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளட்டும். அப்போதும் 156இலேயே நின்றால் வகுப்பைப் பற்றிப் பேசுவோம்.

அப்புறம், இன்னொன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். 2020க்குப் பிறகு அமெரிக்காவில் பல துறைகள் முதுநிலைச் சேர்க்கைக்கு ஜி.ஆர்.இ. கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டன. தம்பி விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் கேட்கிறார்களா, விருப்பமா, வேண்டவே வேண்டாமா என்று பார்த்து ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். எழுதத்தான் வேண்டும் என்றால், முதல் முறை குறைந்தாலும் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். அதற்குத் தகுந்த மாதிரித் தேதியைக் கொஞ்சம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் போட்ட தாளை இதே மாதிரிப் படமெடுத்து அனுப்புங்கள். அடித்துத் திருத்தியது, கேள்விக்குறி போட்டது எல்லாம் அப்படியே இருக்கட்டும். நல்ல தாளில் மாற்றி எழுத வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.