ஓடுகிற கம்ப்யூட்டரை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

கே: வீட்டில் 2016இல் வாங்கிய கம்ப்யூட்டர் இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர், "விண்டோஸ் 10 காலம் முடிஞ்சது, இதில் 11 ஏறாது, புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை அதில் போட்டுப் பார்க்கலாம், அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். அவர் சொன்ன தகவல் சரிதான். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், அது வந்ததே 2017இல்தான். பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்கு இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் தர அந்த நிறுவனம் வைத்த விலை 30 டாலர். காசு வேண்டாமென்றால் அவர்கள் கணக்கில் நுழைந்து உங்கள் செட்டிங்ஸை அவர்களிடம் சேமிக்க வேண்டும் என்றார்கள். அலுவலகங்களுக்கு, கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் ஆண்டே 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பு சண்டை போட்டதும் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் காசும் வேண்டாம், சேமிக்கவும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். தான் செய்த பொருளில் இருக்கிற ஓட்டையை அடைக்கத் தானே காசு கேட்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

காசு கட்டினாலாவது நிம்மதி உண்டா? 2023இல் நடந்ததைப் பாருங்கள். சீனாவைச் சேர்ந்த ஹேக்கர்கள் மைக்ரோசாஃப்டின் ஒரு டிஜிட்டல் சாவியை வைத்துக்கொண்டு, 22 அமைப்புகளில் 500 பேருக்கு மேற்பட்டவர்களின் மெயிலைத் திறந்து படித்துவிட்டார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மெயில் போனது. கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் அல்ல, அந்தத் துறைதான். அதுவும் எப்படி என்றால், யார் எந்த மெயிலைத் திறந்தார் என்று காட்டும் பதிவேடு விலை கூடிய திட்டத்தில் மட்டும் இருந்தது, அந்தத் துறை அதற்குக் காசு கட்டியிருந்தது. கட்டாதவர்களுக்கு வீட்டுக்குள் திருடன் நடமாடுவது தெரிய வழியே இல்லை. விஷயம் வெளியே வந்து கண்டனம் கிளம்பிய பிறகுதான் அந்தப் பதிவேட்டைக் கூடுதல் கட்டணமில்லாமல் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இது தடுத்திருக்கக்கூடிய ஊடுருவல் என்று அமெரிக்க அரசின் ஆய்வு வாரியம் 2024இல் அறிக்கையே கொடுத்தது. அந்தச் சாவி எந்த ஆண்டில் உருவானது தெரியுமா? 2016. எப்போதோ கழித்துக் கட்டியிருக்க வேண்டிய சாவி. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று சொல்கிறவர்கள், அதே வயதுச் சாவியை ஊர் மெயிலுக்கெல்லாம் செல்லும்படி விட்டு வைத்திருந்தார்கள்.

கே: இந்த மைக்ரோசாஃப்ட்காரர்களை யாருமே கேட்பதில்லையா?
– ஒரு வாசகி, நாமக்கல்

ப: கேட்டார்கள், ஆனால் போட்டியாளர்களை நசுக்குகிறார்கள் என்பதற்காக. 1998இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, 2000இல் கம்பெனியை இரண்டாக உடைக்கவே உத்தரவானது, மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஐரோப்பிய ஆணையம் 2004இல் 49.7 கோடி யூரோவும் 2013இல் 56.1 கோடி யூரோவும் அபராதம் போட்டது. கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

கே: லினக்ஸ் போட்டால் தமிழ் டைப் அடிக்க முடியுமா? ரொம்பக் கஷ்டமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: தாராளமாக. தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், ஸ்கேனர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். டேலி மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு அந்த ஒரு கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே விட்டுவிடலாம்.